வட சென்னையை விட்டுப் போனவங்க எதை நினைச்சு ஏங்குறாங்க?

"மும்பை, நியூயார்க் மாதிரி ஊரை விட்டுப் போனவங்க அந்த பில்டிங் வரிசையை நினைச்சு ஏங்குறாங்கன்னா புரியுது, வட சென்னையில இருந்து போனவங்க எதை நினைச்சு இவ்ளோ ஃபீல் பண்றீங்க, மெட்ராஸ்னா சென்ட்ரலும் எல்ஐசியும் தானே, அதுக்கு வடக்கால பாக்குறதுக்கு அப்படி என்ன இருக்கு?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. நல்ல கேள்வி தம்பி. நான் பொறந்தது வளந்தது எல்லாம் பழைய வண்ணாரப்பேட்டை, இப்ப இருக்குறது தாம்பரம் தாண்டி, தினமும் மனசுக்குள்ள ஓடுற விஷயம் இது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எல்ஐசியை நாங்களும் விட்டுக் குடுக்க மாட்டோம். 1959ல அதை தொறந்தப்ப நாட்டுலயே உயரமான கட்டிடம் அது தான், பேரைச் சொல்ல மாட்டாங்க, பதினாலு மாடின்னு தான் சொல்லுவாங்க. ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா மெரினா, செத்த காலேஜ்னு சொல்ற மியூசியம், உயிர் காலேஜ்னு சொல்ற ஜூ, பதினாலு மாடி, இவ்ளோ தான் டூர். ஆனா அதெல்லாம் நல்ல சட்டை போட்டுக்கிட்டு பஸ் ஏறிப் போய் பாக்குறது. நான் சொல்லப் போறது வீட்டுல துணி காயப் போடும்போது கண்ணுல படுறது, தூங்கும்போது காதுல விழுறது. எங்க பக்கம் இருந்த உயரமான எதுவும் நாலு பேர் பாக்கட்டும்னு கட்டினது கிடையாது, எல்லாம் வேலைக்காக கட்டினது. புகைபோக்கி, கிரேன், கலங்கரை விளக்கு, தண்ணி டேங்க், மணிக்கூண்டு. அதை வெச்சு தான் நாங்க மணி பாத்தோம், திசை பாத்தோம், காத்து பாத்தோம். அது ஒண்ணொண்ணா போகும்போது வெறும் காட்சி மட்டும் போகல, நாம எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சுக்குற ஒரு வழியும் சேர்ந்து போச்சு. ஏக்கம் அதுக்கு தான்.

எங்க வீடு ரெண்டு மாடி. உயரம்னு சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா எழுபதுகள்ல சுத்தி இருந்தது எல்லாம் ஓட்டு வீடும் மெட்ராஸ் டெரஸ் வீடும் தான், அதனால மொட்டை மாடி ஏறுனா ஊரே தெரியும். கிழக்கால ஹார்பர் கிரேன், அதுக்கு அந்தாண்ட கடல், உள்ள வர எடம் கெடைக்காம வெளியே நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுங்க. தெற்கால ஹைகோர்ட் கோபுரம், அதுக்கும் தள்ளி வெயில் நல்லா இருந்தா பதினாலு மாடி. மேற்கால பின்னி மில்லு. வடக்கால தூரத்துல எண்ணூர் பவர் ஹவுஸ் புகை. எதிர் வீட்டு மாமா ஹார்பர்ல மூட்டை தூக்குறவரு, காலையில எங்க அம்மா மாடியில வடாம் போட ஏறுனா முதல்ல எத்தனை கப்பல் நிக்குதுன்னு எண்ணுவாங்க, எண்ணிட்டு கைப்பிடிச் சுவர்ல சாஞ்சுக்கிட்டு கீழ அத்தைக்கு குரல் குடுப்பாங்க, "ஆறு நிக்குது!"ன்னு. ஆறு நின்னா அந்த வாரம் வேலை இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு ரெண்டு தான்னா அந்த வீட்டுல அடுப்பு கொஞ்சம் லேட்டா தான் எரியும்.

ஹைகோர்ட் கோபுரத்தை பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இப்ப இருக்குற பசங்க நிறைய பேருக்கு அது கலங்கரை விளக்கா இருந்ததே தெரியாது. மெட்ராஸ்ல முதல் விளக்கு 1796ல கோட்டைக்குள்ள, இப்ப மியூசியம் இருக்குற கட்டிடத்து மேல எரிஞ்சது. அப்புறம் 1844ல இருந்து ஒரு பெரிய கல் தூண் மேல, அந்த தூண் இன்னிக்கும் ஹைகோர்ட் காம்பவுண்டுல நிக்குது, கேஸுக்கு அலையுறவங்க அதோட நிழல்ல தான் டீ குடிக்கிறாங்க. 1892ல ஹைகோர்ட் கட்டிடம் வந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு, 1894ல, விளக்கை அதோட பெரிய கோபுரத்து உச்சிக்கு மாத்துனாங்க. மெரினாவுல இப்ப இருக்குற லைட் ஹவுஸ் வந்தது 1977ல. அது வரைக்கும், எண்பது வருஷத்துக்கு மேல, கீழ கோர்ட்டு, மேல விளக்கு. நாங்க வெயில் காலத்துல மாடியில பாய் போட்டு படுப்போம், அந்த வெளிச்சம் சுத்தி வரும், வந்து போகும், வந்து போகும், அதை எண்ணிக்கிட்டே தூங்கிடுவோம். 77ல பொங்கல் நேரம்னு ஞாபகம், ஒரு ராத்திரி மாடிக்கு போனா அந்தப் பக்கம் இருட்டு. "வெளக்கு எங்க ஆயா?"ன்னு கேட்டேன், "கண்ணகி சிலை பக்கம் எடுத்துக்கினு பூட்டாங்கடா"ன்னு சொல்லிச்சு எங்க பாட்டி, ஏதோ பக்கத்து வீட்டுக்காரங்க வீடு காலி பண்ணிட்டுப் போன மாதிரி. எனக்கு பதினோரு வயசு, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

எம்டன் கதையும் அந்த வெளிச்சத்தோட சேர்ந்தது தான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன்காரன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் கரைக்கு வந்து நூத்துக்கும் மேல குண்டு போட்டான், ஹார்பர் பக்கம் இருந்த எண்ணெய் டேங்க் எரிஞ்சது. சண்டை நடக்குற காலம், ஆனா அன்னிக்கு ஊர்ல விளக்கை அணைக்கல, கடல்ல இருந்து பாத்தவனுக்கு மெட்ராஸ் பளிச்சுனு தெரிஞ்சுது. ஊருக்கு அழகா இருந்த வெளிச்சமே எதிரிக்கு வழி காட்டிடுச்சு. ஹைகோர்ட் வெளிச் சுவர்ல அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு, பாரிஸ் கார்னர் போறவங்க ஒரு தடவை நின்னு பாருங்க. எங்க ஆயா அப்ப பொறக்கவே இல்ல, ஆனாலும் நான் ஏதாவது வால்தனம் பண்ணா "எம்டன்டா இவன்"னு தான் திட்டும். ஒரு கப்பலோட பேரு நூறு வருஷமா தமிழ்ல திட்டா ஓடிக்கிட்டு இருக்கு பாருங்க.

இப்ப மில்லு. எங்க நைனா, அதான் அப்பா, அங்க தான் வேலை செஞ்சாரு, அதனால இதுல நான் நடுநிலையா பேச முடியாது. பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் 1870கள், 80கள்ல ஆரம்பிச்சது, பின்னால ஒண்ணா சேர்ந்து பி அண்ட் சி மில்லுன்னு ஆச்சு, நாங்க பின்னி மில்லுன்னு சொல்லுவோம். 1918 ஏப்ரல் 27ல மெட்ராஸ் லேபர் யூனியன் அந்த தொழிலாளிங்களை வெச்சு தான் தொடங்கினாங்க, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ரெண்டு பேரும் முன்ன நின்னு, பி.பி.வாடியா தலைவரா, கூட திரு.வி.க. நாட்டுலயே ஒழுங்கா அமைச்ச முதல் தொழிற்சங்கம் அதுன்னு சரித்திர புஸ்தகத்துல இருக்கும், ஆனா அது நடந்த எடம் எங்க அப்பா சைக்கிள் மிதிச்சுப் போன எடம்னு நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த மில்லோட சங்கு தான் எங்களுக்கு கடிகாரம். மொத சங்குக்கு நைனா எழுந்துடுவாரு, ரெண்டாவது சங்குக்கு முன்னாடி டிபன் கேரியர் ஹேண்டில்பார்ல தொங்கணும். வீட்டுல ஒரு சுவர்க் கடிகாரம் இருந்துச்சு, சாவி குடுக்குறது, அது எப்பவும் பின்தங்கும், சாயங்கால சங்கு ஊதும்போது அவரு ஸ்டூல் மேல ஏறி ஆள்காட்டி விரலால பெரிய முள்ளை தள்ளி சரி பண்ணுவாரு, ஆணிப் பக்கத்துல அவரு கை வெச்சு வெச்சு சுண்ணாம்பு போயி எண்ணெய்க் கறை மாதிரி ஒரு எடம் இருக்கும். மில்லு நடுநடுவே மூடி மூடி தொறந்து 1996ல மொத்தமா மூடிடுச்சு. அதுக்கப்புறம் அந்த கடிகாரம் நாளுக்கு ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்னு பின்னாடி போய்க்கிட்டே இருந்துச்சு, டிவியில நியூஸ் போடும்போது மணி தெரியும், நைனா சரி பண்ண மாட்டாரு. நாங்களும் தொடல. ஒருநாள் நின்னே போச்சு. இன்னிக்கு அந்த மில் நிலத்துல தான் வட சென்னையிலயே உயரமான அபார்ட்மென்ட் டவருங்க நிக்குது. தம்பி சொன்ன அந்த ஸ்கைலைன்னு ஒண்ணு எங்களுக்கும் இப்ப தான் வந்திருக்கு, நைனா நூல் ஓட்டின எடத்துல. அங்க வீடு வாங்குனவங்க நல்லா இருக்கட்டும், எனக்கு அதுல வருத்தம் இல்ல, ஆனா அந்த உயரத்துல இருந்து சங்கு ஊதாது.

காத்தாடி விட்டவங்களுக்கு புகைபோக்கியோட அருமை தெரியும். மாடியில நின்னு காத்து எந்தப் பக்கம்னு பாக்க மண்ணை தூவுவாங்க, அது தெருக்காத்தை தான் காட்டும், வீட்டுங்களுக்கு நடுவுல சுத்துற காத்து. மேல் காத்து எப்படின்னு தெரியணும்னா தூரத்து புகையை பாக்கணும், அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் தான் நம்ம காத்தாடி இழுக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல புகை நிமிந்து நேரா நின்னு அப்புறம் மெதுவா உள்பக்கமா சாயும், கடல் காத்து வந்துடுச்சுன்னு அர்த்தம், உடனே ஒவ்வொரு மாடியில இருந்தும் பசங்க ஏறுவானுங்க, டீல், அதான் ஒருத்தன் நூலை இன்னொருத்தன் அறுக்குற சண்டை, ஆரம்பிச்சுடும். ராத்திரி ஆனா மணலி பக்கம் வானம் ஆரஞ்சா இருக்கும், 1969ல இருந்து ஓடுற ரிஃபைனரியோட நெருப்பு அது, வெளியூர்ல இருந்து வந்த சித்தி பையன் பயந்து தீ விபத்துன்னு கத்தினான், எங்களுக்கு அது நைட் லாம்ப்.

புகையை நினைச்சு எதுக்குய்யா ஏங்குறேன்னு கேப்பீங்க. நியாயம் தான். எங்க தங்கச்சிக்கு சின்ன வயசுல இருந்து வீசிங், ராத்திரி ராத்திரி அம்மா அவளை தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்தே இருப்பாங்க. காலையில காயப் போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் கலர்ல இருக்கும், உதறுனா மூக்குல ஏறும். மெட்ராஸுக்கு கரண்ட் வேணும், பெட்ரோல் வேணும், உரம் வேணும், எல்லாத்தையும் கொண்டு வந்து எங்க தலை மேல வெச்சாங்க, வெளிச்சம் எல்லாருக்கும் போச்சு, சாம்பல் இங்க தங்குச்சு. எண்ணூர் அனல் மின் நிலையம், 450 மெகாவாட், 1970ல ஓட ஆரம்பிச்சது, 2017ல மூடினாங்க. மூடினது நல்லது, இன்னும் முன்னாடியே மூடியிருக்கணும்னு தான் சொல்லுவேன். அதே நேரம் வடக்கால திரும்புனா கண்ணு தானா அந்த எடத்தை தேடுது. ரெண்டும் உண்மை தான், ஒரே மனுஷனுக்குள்ள ரெண்டும் இருக்கு, எது பெருசுன்னு என்னால சொல்ல முடியல.

ஊரை ஒழுங்கா பாக்கணும்னா கடல்ல இருந்து பாக்கணும்னு எனக்கு சொல்லிக் குடுத்தவரு காசிமேட்டுல நைனாவுக்கு ஒரு சினேகிதர் இருந்தாரு, அவரு தான். கட்டுமர காலத்து ஆளு. பத்தாவது லீவுல ஒரு தடவை என்னை கூட்டிட்டு போனாரு. கரையை விட்டு போகப் போக முதல்ல ஆளுங்க மறைவாங்க, அப்புறம் குடிசை, அப்புறம் தென்னை, அப்புறம் ஊரே ஒரு கோடு மாதிரி ஆகிடும், அந்தக் கோட்டு மேல ஹைகோர்ட் கோபுரம் மட்டும் கட்டை விரல் மாதிரி நிக்கும், பின்னால பரங்கிமலை நீலமா. அவரு என்ன பண்ணுவாருன்னா கரையில கிட்டக்க இருக்குற ஒரு அடையாளத்தையும் பின்னால தூரத்துல இருக்குற ஒண்ணையும் கண்ணுக்கு நேரா கொண்டு வருவாரு, அது ஒரு கோடு. வடக்கு பக்கம் அதே மாதிரி இன்னொரு ஜோடி, அது இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுற எடத்துல துடுப்பை நிறுத்திட்டு "கீழ பாறை, வலையை போடு"ன்னு சொல்லுவாரு. மீன் இருக்கும். மேப் இல்ல, ஜிபிஎஸ் இல்ல. எந்த புகைபோக்கி புதுசா வந்துச்சு, எந்த பனைமரம் விழுந்துச்சுன்னு அவருக்கு கணக்கு இருக்கும், ஏன்னா ஒரு அடையாளம் போனா ஒரு மீன் பிடிக்கிற எடமே போச்சு. இப்ப எல்லா லாஞ்சுலயும் ஜிபிஎஸ் இருக்கு, ராத்திரியில போறவங்களுக்கு அது எவ்ளோ பாதுகாப்புன்னு எனக்கு தெரியும். ஆனா ஒரு ஊரோட கட்டிடங்களை அந்த மனுஷன் அளவுக்கு உத்துப் பாத்தவங்க வேற யாரும் கிடையாது, என்ஜினியரும் கிடையாது, போட்டோகிராபரும் கிடையாது.

சென்ட்ரலுக்கு வர்றேன். அந்த சிவப்பு கோபுரம், மணிக்கூண்டு, அதெல்லாம் ஊருக்கே சொந்தம், ஆனா ரயில்ல வர்ற யாரா இருந்தாலும் அதுக்கு முன்னாடி எங்க பேட்டையை தாண்டி தான் வரணும். பேசின் பிரிட்ஜ்ல சிக்னலுக்கு நிக்காத வண்டி உண்டா? எல்லாரும் பெட்டியை எடுத்து வாசல்ல வெச்சுட்டு நிப்பாங்க, வண்டி நகராது, அந்த பதினஞ்சு நிமிஷம் அவங்க பாக்குறது எங்க ஊர், எங்க மாடி, எங்க துணி. இதுல பலருக்கு தெரியாத ஒண்ணு, தென்னிந்தியாவுல ஜனங்க ஏறிப் போன முதல் ரயில் கிளம்புனது சென்ட்ரல்ல இருந்து இல்ல, ராயபுரத்துல இருந்து. 1856 ஜூலை 1, ராயபுரம் டு வாலாஜா ரோடு. சென்ட்ரல் வந்தது 1873ல. பம்பாயோட பழைய ஸ்டேஷன் கட்டிடம் எல்லாம் போயிடுச்சு, இந்தியாவுல நிக்கிறதுலயே பழைய ஸ்டேஷன் கட்டிடம் ராயபுரம் தான், பெரிய பெரிய தூணோட இன்னும் நிக்குது. மின்சார ரயில்ல போறவங்க போன்ல இருந்து தலையை தூக்காம அதை தாண்டிப் போறாங்க, எனக்கு அவங்க தோளை தட்டி காட்டணும் போல இருக்கும்.

இன்னொண்ணு. எங்க பக்கம் அடையாளம் இடிஞ்சு போனாலும் பேரா நிக்கும். வால்டாக்ஸ் ரோடுன்னு சொல்றோமே, வெள்ளைக்காரன் காலத்துல பிளாக் டவுனை, இப்ப ஜார்ஜ் டவுன்னு சொல்றோமே, அதை சுத்தி ஒரு மதில் கட்டுனாங்க, அந்த செலவுக்கு மக்கள்கிட்ட வரி போடப் பாத்தாங்க, வசூலே பண்ணல, மதிலும் முக்கால்வாசி போச்சு, வராத வரி மட்டும் ரோட்டு பேரா நிக்குது. கலெட்னு ஒரு கவர்னர், அவரு பேர்ல ஒரு பேட்டை, அது நம்ம வாயில காலடிப்பேட்டை ஆச்சு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்க ஆயா கடைசி வரைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு தான் சொல்லிச்சு, 1782 பஞ்சத்துல அங்க மணியக்காரர் சத்திரத்துல கஞ்சி ஊத்துனாங்க, அந்த நினைப்பு இருநூறு வருஷம் தாண்டியும் போகல. ராயபுரமே ராயப்பர் கோயிலால வந்த பேரு, பீட்டருக்கு தமிழ்ல ராயப்பர். அகஸ்தியா தியேட்டர் 2020ல மூடிட்டாங்க, போய் நின்னு பாருங்க, ஷேர் ஆட்டோக்காரர் இன்னும் "அகஸ்தியா அகஸ்தியா"ன்னு தான் கூவுறாரு, படம் ஓடாத தியேட்டருக்கு ஆள் ஏத்துறாரு. டோல்கேட்ல டோலும் இல்ல கேட்டும் இல்ல, மெட்ரோ ஸ்டேஷனுக்கே அந்த பேரு தான். இந்தப் பேருங்களை மாத்தாதீங்கன்னு கை எடுத்து கும்பிட்டு கேப்பேன், எங்களுக்கு மிச்சம் இருக்குறதே அது தான்.

தம்பி நேர்ல போய் பாக்கணும்னா சொல்றேன். காலையில ராயபுரம் ஸ்டேஷன், அங்க இருந்து நடந்தா ராயப்பர் கோயில், பக்கத்துலயே பார்சிக்காரங்க அக்னி கோயில் 1910ல கட்டினது, உள்ள நமக்கு அனுமதி இல்ல, வெளிய இருந்து பாத்துக்கலாம். அப்புறம் மாடிப் பூங்கா, அந்த பழைய மதிலோட மிச்சம் தான் அது, மேல ஏறுங்க. மின்ட் மணிக்கூண்டு 1948ல வந்தது, அங்க ஒரு காபி. சாயங்காலம் காசிமேடு. டிசம்பர் 31 ராத்திரி அந்தப் பக்கம் இருந்தீங்கன்னா பன்னெண்டு மணிக்கு ஹார்பர்ல நிக்கிற கப்பல் எல்லாம் ஒண்ணா ஹார்ன் அடிக்கும், கேட்டுப் பாருங்க, நெஞ்சுக்கூடு அதிரும், எங்களுக்கு புது வருஷம் பொறக்குறது அந்த சத்தத்துல தான்.

2021ல விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ விட்டாங்க, ஆரம்பிச்ச புதுசுலயே அம்மாவை கூட்டிட்டு போனேன். தண்டையார்பேட்டை வரைக்கும் தரைக்கு கீழ, அம்மாவுக்கு பிடிக்கல, கண்ணாடியில தன் முகத்தையே பாத்துக்கிட்டு வந்தாங்க. அப்புறம் வண்டி மேல ஏறுச்சு, வெளிச்சம் வந்துச்சு, டோல்கேட் தாண்டி காலடிப்பேட்டை கிட்ட வலது பக்கம் வீட்டு மாடிங்களுக்கு அந்தாண்ட கடல். மாடி மாடியா துணி காயுது, ஒரு பையன் காத்தாடி வெச்சிருக்கான். அம்மா எழுந்து நின்னு கம்பியை பிடிச்சுக்கிட்டு உதட்டை அசைச்சாங்க, எனக்கு முதல்ல புரியல. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஒம்பது நிக்குதுடா"ன்னாங்க. விம்கோ நகர்ல நாங்க வெளிய வரவே இல்ல, அதே வண்டியில எதிர்ப்பக்க சீட்டுல உக்காந்து திரும்பி வந்தோம்.